இலையிடை வானம்

வான் என்னும் சொல்லுக்குத் தமிழில் விண் என்பதும் பொருள்; மழை என்பதும் பொருள். வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வைத்த அதிகாரத்திற்கு வான்சிறப்பு என்று பெயர். அங்கே பேசப்படுவது விண்ணின் அழகு அன்று. மழையின் மாண்பே ஆகும். மழையை எதிர்நோக்கி வாழ்ந்த உழவர் குடி தலைநிமிர்ந்து நோக்கியபோது வெறும் வெளியைக் காணவில்லை. தன் வாழ்வையே அங்குக் கண்டது. ஆகவேதான் இரண்டு பொருள்களும் ஒரு சொல்லில் ஒன்றி நின்றன போலும்.

இச்சொற்பொருளை ஏட்டில் கற்பதைக் காட்டிலும் கமுந்திங்கில் ஒரு பிற்பகல் நின்று கற்பது எளிது. பேராக் மாநிலத்தில், தைப்பிங் நகருக்கு வடக்கே அமைந்த ஊர் அது. கிழக்கே லாருட் மலை எழுந்து நிற்கிறது. மேற்கே மலாக்கா நீரிணை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, பிற்பகல்தோறும் முகிலாகித் திரள்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் வட்டாரம் இது. சென்னை மாநகர் பெறும் மழையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! தீபகற்ப மலேசியாவிலேயே மிகுந்த மழை பொழியும் நகரம் என்று தைப்பிங் பெயர் பெற்றது இதனால்தான்.

ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட குழிகள் 1880ஆம் ஆண்டில் அந்நகரின் ஏரிப் பூங்காவாக உருமாறத் தொடங்கின. இன்று ஏரிக்கரையில் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைக் கடந்து கிளைகளை நீட்டி, நீரைத் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. அக்காட்சியைப் படம்பிடிக்க நாள்தோறும் மக்கள் வருகின்றனர், மணமக்கள் வருகின்றனர், பள்ளிப் பிள்ளைகள் வருகின்றனர். வருகின்ற பலருக்கும் ஒரு குறை நேர்கிறது. மரம் அழகாக விழுகிறது; நீர் அழகாக விழுகிறது; வானமோ சோற்றுக்கஞ்சி போல் வெளுத்துக் கிடக்கிறது. வீடு திரும்பியதும் அவர்கள் கணினியின் முன் அமர்ந்து, அவ்வானத்தை எடுத்துவிட்டு நீலவானம் ஒன்றை வைக்க முற்படுகின்றனர்.

இன்று இது பெரும் வித்தை அன்று. 1990இல் வெளிவந்த போட்டோஷாப் மென்பொருளில் 2020ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து வானத்தை மாற்றுவதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதனைத் தொட்டால் கணினி தானே வானத்தைக் கண்டறிந்து, தானே அகற்றி, தானே வேறொன்றைப் பொருத்திவிடும். ஆயினும் மரத்திற்குப் பின்னுள்ள வானத்தில் அக்கட்டளை இன்றும் தடுமாறக் காணலாம். கடலின்மேல் வானம் எனில் ஒரு கோடு போதும். கட்டடத்தின்மேல் வானம் எனில் நான்கைந்து கோடுகள் போதும். ஆயிரம் இலைகளுக்கிடையே ஆயிரம் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் வானத்தை எந்தக் கோட்டால் பிரிப்பது?

இவ்வினாவிற்கு விடை தருவதே மாஸ்க் என்னும் மறைப்பு முறை. பெயர் புதிதாயினும் இதன் கருத்து தமிழர்க்குப் புதிதன்று. மதுரைச் சுங்குடிப் புடவையில் துணியை நூலால் முடிந்து சாயத்தில் தோய்க்கின்றனர். முடிந்த இடத்தில் சாயம் ஏறுவதில்லை. மலாய்க்காரரின் பாத்தேக் துணியில் மெழுகு பூசிய இடத்தைச் சாயம் தீண்டுவதில்லை. 1940இல் வெளிவந்த ‘உத்தம புத்திரன்’ திரைப்படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றினார். ஒரே நடிகர் ஒரே காட்சியில் இருவராய் நிற்க அக்காலப் படக்கலைஞர் கையாண்ட வழியும் மறைப்பே. வில்லையின் ஒரு பாதியை மூடி மறுபாதியில் படம்பிடிப்பர். பின்னர்ப் படச்சுருளைத் திருப்பி, மூடிய பாதியைத் திறந்து, திறந்திருந்த பாதியை மூடி மீண்டும் பிடிப்பர். மறைப்பு என்பது அழிப்பது அன்று. ஓரிடத்தில் செய்யும் வேலை மற்றோரிடத்தைத் தீண்டாமல் காப்பது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே இக்கலையின் வாயிலில் நுழைந்தவராவர்.

வானம் வெளுத்துப்போகும் தொல்லையோ நிழற்படக் கலையின் தொடக்கத்திலிருந்தே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயன்பட்ட ஒளியுணர் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும், பச்சையைச் சிறிதளவாகவும், சிவப்பை அறவே இல்லாமலும் உணர்ந்தன. அதனால் மரத்தின் பச்சை பதிவதற்குள் வானத்தின் நீலம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாயிற்று. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடற்காட்சிகளைப் படைத்தபோது, கடலுக்கு ஓர் எதிர்ப்படமும் முகிலுக்கு ஓர் எதிர்ப்படமுமாக இரண்டைத் தனித்தனியே எடுத்து, தொடுவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். கடலின் தொடுவானம் நேர்கோடாக இருந்தது அவருக்கு வாய்த்த நல்வாய்ப்பு. மரம் குறுக்கே நின்றிருந்தால் அவ்வழி எளிதிற் பலித்திராது.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் ஒருவர் இத்தொல்லையோடு போராடினார். அவர் பெயர் லினேயஸ் டிரைப். ஆங்கிலேயப் படைத்தலைவரான அவர், சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக 1856இல் அமர்த்தப்பெற்றார். 1857ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை முதலிய ஊர்களுக்குச் சென்று, கோயில்களையும் கோட்டைகளையும் பெரிய மெழுகுத் தாள்களில் எதிர்ப்படங்களாகப் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை வரிசையாகப் படம்பிடித்து ஒன்றோடொன்று இணைத்து நீண்ட படமாக்கியவரும் அவரே. அத்தாள்களில் வானம் சீராக விழவில்லை. இலைகள் கருந்திரளாக ஒட்டிக்கொண்டன. ஆகவே டிரைப் தூரிகையை எடுத்தார். எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் தீட்டினால் ஒளி அங்குத் தடைப்படும். அச்சில் அவ்விடம் வெளுக்கும். இம்முறையில் அவர் வானத்தைச் சீராக்கினார், முகில்களைத் தீட்டினார், மரங்களின் இலைகளுக்கும் உருவம் கொடுத்தார். எனவே இன்று அருங்காட்சியகங்களில் தொங்கும் அப்படங்கள் சிலவற்றில், மதுரைக் கோபுரம் மெய்; அதன்மேல் மிதக்கும் முகில் கைவேலை. செலவு மிகுதி என்று கருதிய ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859இல் அப்பணியை முடிவுக்குக் கொண்டுவரச் செய்தார்.

1873இல் செருமானிய அறிஞர் ஹெர்மன் வோகல், தகட்டில் சாயம் சேர்த்தால் அது பச்சை ஒளியையும் உணரும் எனக் கண்டறிந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. தொல்லை குறைந்ததே தவிர ஒழியவில்லை. நிழலடர்ந்த மரத்திற்கும் ஒளிமிகுந்த வானத்திற்கும் உள்ள தொலைவு இன்றைய கருவிக்கும் பெரிதாகவே இருக்கிறது.

இனி, மரத்திலிருந்து வானத்தைப் பிரிக்கும் வேலை நடைபெறும் முறையைக் காண்போர், நூறாண்டுக்கு முற்பட்ட குறையே இன்று கருவியாகப் பயன்படுவதை உணர்வர். வண்ணப்படம் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிப்பங்குகளால் ஆனது. அவற்றுள் நீலப் பங்கை மட்டும் தனியே எடுத்து நோக்கினால் வானம் வெளுத்தும் இலைகள் கறுத்தும் தோன்றும். பழைய தகடு கண்ட காட்சி அதுதான்! அந்நீலப் பங்கின் படி ஒன்றை எடுத்து, வெளுத்ததை மேலும் வெளுக்கவும் கறுத்ததை மேலும் கறுக்கவும் செய்தால், கையால் ஓர் இலையைக்கூட வரையாமல் மரத்தின் வடிவம் முழுவதும் மறைப்பாக அமைந்துவிடும். வெள்ளை திறந்த இடம்; கறுப்பு மூடிய இடம். ஆயிரம் இலையிடுக்குகளையும் ஒளியே வரைந்து கொடுத்துவிடுகிறது.

ஆனால் இங்கேதான் கற்பவர் பலர் இடறுகின்றனர். மறைப்பு என்றால் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே என்றெண்ணி, இடைப்பட்ட சாம்பல் நிறத்தை எல்லாம் துடைத்துவிடுகின்றனர். விளைவு, மரம் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிய காகிதம் போல் ஆகிவிடுகிறது. இலையின் விளிம்பில் உள்ள ஒரு படப்புள்ளியை உருப்பெருக்கிப் பார்த்தால் அது இலையும் அன்று, வானும் அன்று, இரண்டின் கலவை. சிற்றிலை ஒன்று அப்புள்ளியின் கால்பங்கை மூடியிருக்கலாம். காற்றில் அசைந்த இலை பாதி நேரம் அங்கிருந்து பாதி நேரம் அகன்றிருக்கலாம். வில்லைக்குள் சிதறிய வானொளி இலைமேல் படர்ந்திருக்கலாம். ஆகவே மறைப்பும் அவ்விடத்தில் முழுதும் திறவாமலும் முழுதும் மூடாமலும் சாம்பலாகவே நிற்றல் வேண்டும்.

சாம்பலை விட்டுவைத்தாலும் மற்றொரு குறை எஞ்சும். கலவைப் புள்ளியில் பழைய வானத்தின் வெண்மை ஊறியிருக்கிறது. புதிய நீலவானத்தை வைத்தவுடன் இலைகளைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் எழுந்து பொய்யைக் காட்டிக்கொடுக்கும். இதனைத் தீர்க்கப் புதிய வானத்தைப் பழையதன்மேல் பெருக்கல் முறையில் இடுவர். வண்ணக் கண்ணாடிகள் இரண்டினை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் நோக்குவதை ஒத்தது இம்முறை. கறுப்பு கறுப்பாகவே இருக்கும். வெண்மை மட்டும் புதிய நிறத்தை ஏற்கும். வெண்மூட்டமான வானத்தின் முன் நிற்கும் கரிய மரத்திற்கு இதனினும் பொருத்தமான முறை இல்லை எனலாம். ஆயினும் வெயில்பட்டு மின்னும் இலைகளும் வெளுத்த கிளைகளும் அந்நிறத்தை ஏற்றுவிடும். அவற்றைத் தூரிகை கொண்டு ஒவ்வொன்றாகக் காப்பாற்றியே தீரவேண்டும். கணினி எத்துணை விரைந்தாலும் கடைசி ஒரு மணி நேரம் கைக்கும் கண்ணுக்கும் உரியதாகவே இருக்கிறது.

இவ்வளவும் செய்து விளிம்பு பழுதறப் பொருந்தியபின் வானம் உண்மையாகிவிடுமா? ஆகாது. ஏனெனில் வானம் மரத்தின் பின்னால் மட்டும் இருப்பதன்று. அது இலைமேல் இருக்கிறது, நீரில் இருக்கிறது, தரையில் இருக்கிறது, மனிதர் முகத்தில் இருக்கிறது. வெயில் நாளில் ஒவ்வொரு பொருளும் கூர்மையான நிழலை வீழ்த்துகிறது. மூட்ட நாளில் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் பரந்து வருவதால் நிழல் கரைந்துவிடுகிறது. படத்திற்கு நிழற்படம் என்று தமிழில் பெயரிட்டவர் அறிந்தோ அறியாமலோ ஓர் உண்மையைப் பெயரிலேயே வைத்துவிட்டனர். வானம் பொய் சொன்னாலும் நிழல் சொல்லாது.

ஏரிக்கரை மரமே இதற்கு மற்றொரு சான்று. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் மாலையில் கூம்பும்; வானம் இருண்டு மழை வரும்போதும் கூம்பும். மலாய் மொழியில் அதற்கு ஐந்து மணி மரம் என்று பொருள்படும் பெயரும் உண்டு. இலைகள் கூம்பிய மரத்தில் இடுக்குகள் அகன்று வானம் மிகுதியாகத் தெரியும். அந்நிலையில் எடுத்த படத்தின் பின்னே உச்சிப்பொழுதின் நீலவானத்தை வைத்தால், பார்வையாளர் பலர் ஏமாறலாம். மரத்தை அறிந்தவர் ஏமாறார். மரம் தான் கண்ட வானத்தைத் தன் உடலிலேயே எழுதி வைத்திருக்கிறது.

ஏரிக்கரைப் படம் அழகுக்காக எடுத்தது. அதில் வானம் மாறினால் இழப்புச் சிறிது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அதே கமுந்திங்கில் வேறு வகைப் படங்களும் இருக்கின்றன. பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன. அங்கு வாழ்ந்தோர் நகர்ப்புற வீடுகளுக்குப் பெயர்ந்தபோது தகரப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவை சில படங்களே. ஈரம் மிகுந்த இம்மண்ணில் அவையும் பூஞ்சை பூத்து, மஞ்சள் படிந்து, விளிம்பு உதிர்ந்து வருகின்றன.

அத்தகைய படங்களைச் செப்பனிடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட தமிழாசிரியர் ஒருவர் உண்டு. பணி ஓய்வுக்குப்பின் கணினி கற்றவர். ஒருமுறை மூதாட்டி ஒருவர் தம் பேரனோடு அவர் இல்லத்திற்கு வந்தார். கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கோயில் மரத்தடியில் ஒரு குடும்பம் நிற்கிறது. மரத்திற்குப் பின்னே வானம் வெறும் வெள்ளை. அதன்மேல் பூஞ்சைப் புள்ளிகள்.

“சார், இந்தப் படத்தைக் கலர் பண்ணி, பின்னால நீலவானம் வச்சுப் பெருசாக்கிக் கொடுங்க. பாட்டி வீட்டுச் சுவர்ல மாட்டணும்” என்றான் பேரன்.

ஆசிரியர் உருப்பெருக்கியால் படத்தின் தரையை நெடுநேரம் நோக்கினார். மனிதர் காலடியில் நிழல் இல்லை. “அம்மா, இது எப்ப எடுத்த படம்னு ஞாபகம் இருக்குங்களா?” என்று கேட்டார்.

“வருசம் தெரியலீங்க வாத்தியாரே. ஆனா அன்னிக்கு மழை. விடியக்காலையில இருந்தே பேய் மழை. பெரட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துட்டோம். மரம் வெட்டு இல்ல. அதனாலதான் எல்லாரும் ஒண்ணா இருந்தோம். இல்லாட்டி அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பிள்ளைங்க ஆயாக்கொட்டாயில. ஏது படம்?”

பேரன் படத்தை வாங்கி மீண்டும் பார்த்தான். அதன்பின் நீலவானத்தைப் பற்றி அவன் பேசவில்லை.

மூதாட்டியின் சொற்களில் அடங்கிய செய்தி சிறிதன்று. ரப்பர் மரத்தைப் பொழுது புலரும் முன்னரே சீவத் தொடங்குவர். குளிர்ந்த வேளையில்தான் பால் மிகுதியாகச் சுரக்கும். பட்டை நனைந்திருந்தால் பால் சீவிய கோட்டின்வழி ஓடாமல் எங்கும் பரவி வழியும். மங்கில் விழுந்த பாலையும் மழைநீர் அடித்துச் செல்லும். ஆகவே மழை பெய்த காலையில் வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் வருவாயும் சுருங்கும். தோட்டத்தில் வாழ்ந்தவர் விழித்தெழுந்ததும் முதலில் நோக்கியது வானத்தைத்தான். உழவன் மழை வேண்டி நோக்கினான்; பால்மரத் தொழிலாளி மழை வேண்டாமென்று நோக்கினான். நோக்கிய வானம் ஒன்றே. அந்த வெள்ளை வானம், ஒரு நாள் கூலியின் இழப்பையும் ஒரு குடும்பம் ஒருங்கே கூடிய மகிழ்வையும் சேர்த்துச் சொல்கிறது. அதன்மேல் நீலம் பூசினால் அவ்விரண்டும் அழியும்.

எனினும், வெளுத்த வானமெல்லாம் மழைவானம் என்று முடிவு கட்டிவிடலும் தவறே. பழைய படச்சுருளில் நீலவானமும் வெளுத்தே விழுந்திருக்கக் கூடும். ஐயம் எழுந்தால் தரையைக் கேட்க வேண்டும். நிழலைக் கேட்க வேண்டும். இருப்பின், படத்தில் நின்றவரையே கேட்க வேண்டும்.

ஆசிரியர் அப்படத்திற்கும் மறைப்பைப் பயன்படுத்தவே செய்தார். வானத்தை மாற்றுவதற்காக அன்று, காப்பதற்காக. மஞ்சள் படிந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் கறை நீலப் பங்கில் மிகுந்தும் சிவப்புப் பங்கில் குறைந்தும் தோன்றும். எனவே சிவப்புப் பங்கை எடுத்துக்கொண்டு, இலைகளை மூடி வானத்தை மட்டும் திறந்து, பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அகற்றினார். பின்னர் வானத்தை மூடி இலைகளைத் திறந்து, மங்கியவற்றிற்குச் சற்றுக் கருமை ஊட்டினார். ஓர் ஓரத்தில் தாளே உதிர்ந்து கிளை ஒன்று அறுபட்டிருந்தது. அதனை வேறு கிளையின் படியைக் கொண்டு நிரப்ப முடியும், அவர் நிரப்பவில்லை. கறை காலம் சேர்த்தது, அதனை நீக்கலாம். வானம் அந்நாளுக்கு உரியது, அதனைத் தொடலாகாது. இழந்தது இழந்ததே, அதனை இருப்பதுபோல் காட்டலாகாது. இம்மூன்றும் அவர் தமக்கு வகுத்துக்கொண்ட வரையறைகள்.

தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இவ்வரையறைகள் அயலானவை அல்ல. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவர் முன்னிருந்த ஏடுகள் செல்லரித்தும் முனை முரிந்தும் கிடந்தன. அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. செய்யுள் இயற்றும் ஆற்றல் நிறைந்த ஒருவர், சங்கப் புலவரின் நடையில் சில சீர்களை இட்டு நிரப்புவது அரிய செயலா? ஆயினும் அவர் புள்ளிகளை இட்டுச் சிதைவைச் சிதைவாகவே காட்டினார். ஒரு சுவடியின் கறையைப் பல சுவடிகளை ஒப்புநோக்கித் துடைத்தார். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டார். அப்புள்ளிகளை நம்பியே இன்று மாணவர் மற்ற அடிகளையும் நம்புகின்றனர். நிரப்பப்பட்ட ஓரடி இருந்திருந்தால் நூல் முழுவதும் ஐயத்திற்கு இடமாகியிருக்கும்.

டிரைப் தீட்டிய முகில்களைப் பழிப்பதற்கில்லை. தம் தகட்டின் குறையை ஈடுசெய்யவே அவர் தீட்டினார். அக்காலக் கருவி அவ்வளவே. இன்றைய கருவிக்கோ குறை மிகச் சிறிது. அதனைக் கையாள்பவரின் விருப்பமே பெரிது. விளம்பரத்திற்கு ஒரு வானத்தை மாற்றுபவர், அது விளம்பரம் என்று யாவரும் அறிந்த இடத்தில் மாற்றுகிறார். பள்ளி மலரிலும் குடும்பச் சுவரிலும் வரலாற்று நூலிலும் இடம்பெறும் படம் அத்தகையதன்று. அதனைப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் அதையே சான்றாகக் கொள்வர். தங்கள் முன்னோர் என்றும் நீலவானத்தின்கீழ் வாழ்ந்தனர் என்று நம்பி வளர்வர்.

வானத்தையும் மரத்தையும் பிரிக்கக் கற்றுக்கொள்பவர் முடிவில் கற்பது அவற்றின் பிரியாமையையே. இலை விளிம்பின் சாம்பலைத் துடைக்காமல் விடும் பொறுமை எவருக்கு வாய்க்கிறதோ, அவரிடம் ஒரு மழைநாளின் படத்தை நம்பி ஒப்படைக்கலாம்.